இரவல் தோல்

"கண்ணைக் கட்டிட்டா, குதிரைக்குத் தன் குட்டி எதுன்னு தெரியுமா?"

இந்த வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் விம்பா கேட்ட கேள்வி அது. அப்போது அவளுக்குப் பால்பற்கள் ஆடிக்கொண்டிருந்தன. வந்த நாள் முழுக்க வாயே திறக்கவில்லை. வளர்ப்புக்கு விட்ட பிள்ளைகள் முதல் நாள் அழும், இல்லையென்றால் ஓடப் பார்க்கும். இவள் இரண்டும் செய்யாமல் லாயத்துக் கதவில் சாய்ந்து நின்று, தன்னை வளர்க்கப்போகிற பானோனா குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் அந்தக் கேள்வி.

"கண்ணு எதுக்கு? மூக்கு இருக்கே," என்றாள் பானோனா. "குட்டியோட வாலடியில ஒரு தடவை மோந்து பாத்தாப் போதும். எத்தனை குட்டி நின்னாலும் தன்னோடது எதுன்னு சொல்லிடும்."

பிள்ளை கிட்டே வந்து, பானோனா வேலை செய்யும்போது இடுப்பில் கட்டிக்கொள்ளும் முன்துணியில் மூக்கை வைத்து, நாய்க்குட்டி மாதிரி ஒரு இழு இழுத்தாள்.

"வெங்காயத்தாள். குதிரை. அப்புறம் என்னமோ புளிச்ச வாசனை."

"கள்ளு நொதிக்க வச்சிருக்கேன். அதுவா இருக்கும்."

"சரி," என்றாள் விம்பா. ஏதோ பெரிய விஷயத்தை முடிவு செய்துவிட்டவள் போல அன்று முதல் பானோனாவின் பின்னாலேயே சுற்ற ஆரம்பித்தாள். 'பானம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

இன்று அவளைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள்.

அரார் ஆற்றுக்கு இந்தப் பக்கம் யாருக்கும் இது புதிது இல்லை. வசதியான வீட்டுப் பிள்ளைகள் இன்னொரு வீட்டில்தான் வளரும். பிள்ளை வயதுக்கு வரும்வரை பெற்றவள் வந்து பார்க்கக் கூடாது. இரண்டு வீட்டுப் பால் கலந்தால் இரண்டும் திரிந்துவிடும் என்பார்கள். திரும்பும் நாளில் பிள்ளை லாயத்தில், குதிரைகளைக் காக்கும் தெய்வமான எப்போனாத்தாவின் முன்னால் நின்று, "இந்த வீட்டுப் பால் எனக்குப் போதும்" என்று தன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் வளர்த்தவளின் உரிமை அத்தோடு முடிந்தது. சொல்லாத பிள்ளையை, வளர்த்தவள் சம்மதிக்காமல், யாரும் அழைத்துப் போக முடியாது.

பானோனாவுக்கு முந்தின நாளிலிருந்தே ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. கூட்டிய இடத்தையே கூட்டினாள். ரொட்டிக்கு மாவு பிசைய உட்கார்ந்தவள் பாதியில் எழுந்துபோய்ப் படலைத் திறந்து பாதையைப் பார்த்தாள். திரும்பி வந்து கை கழுவினாள். மாவு காய்ந்துகொண்டிருந்தது. புருஷன் தோகியோ, "என்னடி, உனக்கும் பிரசவ வலியா? வெண்காலி மாதிரியே சுத்திச் சுத்தி வர்ற," என்று கேலி செய்தான்.

வெண்காலி அந்த லாயத்தின் மூத்த குதிரை. விடியும் நேரத்தில் அது ஈன்றது. குட்டிக்கு உயிர் இல்லை.

தோகியோ குட்டியின் மூக்கில் வாய் வைத்து ஊதிப் பார்த்தான். வைக்கோலால் தேய்த்தான். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி உதறினான். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் விழுந்த இளங்கொடியை வழக்கப்படி எடுத்துக்கொண்டு போய், வண்டிப்பாதை ஓரத்து முள்மரத்தில் ஆத்தாவின் பங்கென்று கட்டிவிட்டு வந்தான். வெண்காலி லாயத்துக்குள் முன்னும் பின்னும் நடந்தது. குட்டி கிடந்த ஈரமான வைக்கோலை நக்கியது, தலையைத் தூக்கிக் கனைத்தது, மறுபடி நடந்தது. சுவர் மாடத்தில் வெள்ளைக் களிமண் எப்போனாத்தா, பக்கவாட்டில் கால் தொங்கப்போட்டுத் தன் குதிரைமேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குதிரைக்கு அடியில் ஒரு மண்குட்டி எப்போதும் போல முலை தேடிக்கொண்டு நின்றது.

சூரியன் மேலே வருவதற்குள் பக்கத்துப் பண்ணை சக்ரோ, தோளில் ஒரு குட்டியைத் துண்டு மாதிரிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். சாவுச்செய்தி காற்றைவிட வேகமாகப் போகும் ஊர் அது.

"அண்ணி, உங்க வீட்ல அம்மா இருக்கு குட்டி இல்லை. என் வீட்ல குட்டி இருக்கு அம்மா இல்லை. நேத்து செத்துப்போச்சு. ஆட்டுப்பாலைக் கொம்புல ஊத்திக் குடுத்தேன், என் மூஞ்சியிலயே துப்பிடுச்சு. பொண்டாட்டிகூட இப்படித் துப்புனதில்லை."

"அவ நீ தூங்கும்போது துப்பியிருப்பா," என்றான் தோகியோ. "எறக்கு, பாப்போம்."

குட்டி தரையில் நாலு கால்களையும் நாலு திசைக்கு விரித்து நின்றது. வயிறு ஒட்டியிருந்தது.

செய்ய வேண்டியது எல்லோருக்கும் தெரிந்ததுதான். செத்த குட்டியின் தோலை உரித்து, சூடு ஆறுவதற்குள் இந்தக் குட்டிக்குச் சட்டை மாதிரித் தைத்துப் போட வேண்டும். தாய் மோந்து பார்த்து, தன்னுடையது என்று நம்பிப் பால் கொடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும். அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. தைக்கிறவள் ஊசியில் நூல் கோத்ததிலிருந்து குட்டி பால் குடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. ஒரு தாயை ஏமாற்றுகிற வேலை அது. ஆத்தா அதைப் பொறுத்துக்கொள்கிறாள், ஏமாற்றுகிறவள் பேசாமல் இருக்கும்வரை.

அந்த லாயத்தில் எப்போதும் தைப்பது பானோனாதான். தோகியோ ஊசியை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"என் கை நடுங்குது. விம்பா தைக்கட்டும்."

"இன்னைக்குப் போயா? அவ அம்மா வர்ற நாளாச்சே."

"அதுக்கென்ன? குட்டி குடிச்சதும் பேசப்போறா. விம்பா, நீ தைக்கிறியாம்மா?"

விம்பா ஏற்கெனவே குட்டியின் பக்கத்தில் மண்டியிட்டு அதன் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். "தைக்கிறேன் பானம்மா. இதுக்குப் பேரு வச்சாச்சா?"

"பிழைக்கட்டும் முதல்ல."

தோலை உரித்தது பானோனா. அதில் அவள் கை நடுங்கவில்லை. ஓடையோரத்தில் உட்கார்ந்து உரித்தாள். வால் தோலோடு இருக்கும்படி கவனமாக எடுத்தாள். பக்கத்தில் சாம்பல் கரைத்த தண்ணீர் ஒரு மரத்தொட்டியில் இருந்தது. துணி அலச முந்தின நாள் அவளே வைத்தது. தோலில் ரத்தம் அதிகமாக இருக்கிறது என்று நினைத்தாள். ரத்த வாடைக்குக் குதிரை மிரளும் என்று நினைத்தாள். அப்படி ஒருமுறைகூட மிரண்டதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். தோலைத் தொட்டிக்குள் முக்கி, வாலடியைக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து அலசினாள். பிறகு ஓடைத் தண்ணீரில் இன்னொரு முறை. தோல் சுத்தமாக, கனமாக, எதுவுமே இல்லாததாக ஆனது.

ஒரு நாள். அவ்வளவுதான் அவள் கேட்டது. பிள்ளை போவது ஒரு நாள் தள்ளிப்போனால் அடுத்த நாள் வேறு ஏதாவது வரும். மழை வரலாம், ஆறு பெருகலாம், விம்பாவே போக மாட்டேன் என்று சொல்லலாம். குட்டியைப் பற்றி அவள் நினைக்கவில்லை. நினைக்காமல் இருப்பதற்குத்தான் அவ்வளவு வேகமாகத் தோலைப் பிழிந்தாள்.

விம்பா நூலைக் கோத்தாள், வாயை மூடினாள். ஈரமான தோலை மடியில் வாங்கும்போது மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

"ரத்தம் ரொம்ப இருந்துச்சு. அலசிட்டேன்," என்றாள் பானோனா.

விம்பா குனிந்து தைக்க ஆரம்பித்தாள். பானம்மா சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும்.

விம்பாவைப் பெற்ற லிதுகெனாவின் வண்டி வந்தபோது சட்டை தைத்து முடிந்திருந்தது. நல்ல உயரமான பெண். கட்டம்போட்ட புதுப் போர்வையைத் தோளில் வெண்கல ஊசியால் குத்தியிருந்தாள். அதே நிறத்தில் இன்னொரு போர்வையை மடித்துக் கையில் வைத்திருந்தாள். அது மகளுக்கு. இறங்கியதும் அவள் கண் படலையும் வீட்டையும் தாண்டி ஓடியது.

"எங்க அவ?"

"லாயத்துல. வாங்க, முதல்ல தண்ணி குடிங்க," என்றாள் பானோனா.

"அப்புறம் குடிக்கிறேன்க்கா."

லாயத்து வாசலில் லிதுகெனா நின்றுவிட்டாள். மகள் முழங்கால்வரை வைக்கோலும் கையெல்லாம் தோல்நீருமாக, இரண்டு தோல் போட்ட ஒரு குட்டியைக் கட்டிப்பிடித்து நின்றிருந்தாள். அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். விம்பாவின் முகம் சிவந்தது. வாயில் விரலை வைத்துக் காட்டி, ஊசியைக் காட்டினாள்.

"ஐயோ," என்றாள் லிதுகெனா. சிரிக்கப் பார்த்தாள். "தையக்காரியா? பேச மாட்டியா? இத்தனை வருஷமா உன் குரல் இப்ப எப்படி இருக்கும், எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன்டி. வர்ற வழியெல்லாம் வண்டிக்காரன்கிட்ட அதையேதான் பேசினேன், அவன் காதைப் பொத்திக்கிட்டான். வந்தா வாயைக் கட்டிக்கிட்டு நிக்கிற."

"குட்டி குடிச்சதும் பேசுவா," என்றான் சக்ரோ. "அதுக்கப்புறம் நிறுத்த முடியாது. எனக்குத் தெரியும், தினம் எங்க வேலிக்கு மேல எட்டிப் பாத்துப் பேசுற பொண்ணுதானே."

விம்பா அவன்மேல் வைக்கோலை எறிந்தாள்.

குட்டியை வெண்காலியிடம் விட்டார்கள். அண்ணன் சட்டையைத் தம்பி போட்டுக்கொண்ட மாதிரி தோல் முழங்காலில் தொங்க, அது தள்ளாடிப் போய் வெண்காலியின் வயிற்றில் முட்டியது. வெண்காலி நடப்பதை நிறுத்தியது. தலையைத் திருப்பி வாலடியில் மூக்கை வைத்தது. குதிரை இரண்டாவது முறை மோந்தது. காதுகள் பின்னால் படுத்தன. ஒரு உதை. குட்டி சுவரில் போய் விழுந்தது.

விம்பா ஓடிப்போய்த் தூக்கினாள்.

"கொஞ்சம் பொறுத்துப் பாப்போம்," என்றான் தோகியோ. "இன்னும் மனசு ஆறலை அதுக்கு."

பொறுத்துப் பார்த்தார்கள். ரொட்டியும் உப்புக்கண்டமும் சாப்பிட்டார்கள். பானோனா பரிமாறினாள், பரிமாறிய தட்டையே எடுத்து மறுபடி கழுவினாள். லிதுகெனா தான் கொண்டுவந்த தேன் அடையைப் பிரித்து, பெரிய துண்டை மகளுக்கென்று எடுத்து வைத்தாள். "சின்ன வயசுல இதுன்னா உயிரு அவளுக்கு. இப்பவும் பிடிக்குமாக்கா?"

பானோனாவுக்குத் தெரியவில்லை. இந்த வீட்டில் தேன் அடை செய்ததே இல்லை. "பிடிக்கும்," என்றாள்.

மறுபடி குட்டியை விட்டார்கள். வெண்காலி இந்த முறை மோந்துகூடப் பார்க்கவில்லை, கடித்தது. சக்ரோவின் கேலி நின்றுபோயிற்று. குட்டி வைக்கோலில் படுத்தது. எழுப்பினால் எழுந்தது, விட்டால் மடங்கியது. அதன் நாக்கு வெளியே வந்து காற்றை உறிஞ்சியது.

"இன்னைக்குப் பொழுதுக்குத் தாங்காது," என்று தோகியோ தரையைப் பார்த்துச் சொன்னான். "இப்படி ஆனதே இல்லையே. வெண்காலி போன தடவை ஆட்டுக்குட்டியைக்கூட ஏத்துக்கிட்டா."

லிதுகெனா எழுந்தாள். "நான் ராத்திரி தங்குறேன். அவ பேசாம நான் எப்படிக் கூட்டிட்டுப் போறது? குட்டி செத்துட்டா என்ன வழக்கம்?"

குட்டி பால் குடிக்காமல் செத்தால் தைத்தவள் அடுத்த குட்டி பிறக்கும்வரை அதே லாயத்தில், அதே மௌனத்தில் இருக்க வேண்டும். அடுத்த குட்டி கோடை முடிந்துதான். பானோனாவுக்கு இது காலையிலிருந்தே தெரியும். ஒரு நாள்தான் கேட்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டபோதும் தெரியும்.

தோகியோ அதைச் சொன்னான். லிதுகெனா மடித்த போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

அப்போதுதான் விம்பா அதைச் செய்தாள். குட்டியின் பக்கத்தில் வைக்கோலில் சாய்ந்து கிடந்தவள், வெண்காலி செய்தது மாதிரியே, தோலின் வாலடியில் தன் மூக்கை வைத்தாள். ஒரு இழு இழுத்தாள். இன்னொரு முறை. பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கிப் பானோனாவைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. ஒரு கணக்கு சரியாக வராதபோது பிள்ளைகள் பார்ப்பார்களே, அப்படி இருந்தது. பிறகு கணக்கு வந்துவிட்டது. அவள் கண்களைத் திருப்பிக்கொண்டாள்.

பானோனா வெளியே வந்தாள். நடந்தாள், பிறகு ஓடினாள். முள்மரத்தடியில் மூச்சு வாங்க நின்றாள். கிளையில் இளங்கொடி கட்டியிருந்தது. வெயிலில் மேலே காய்ந்து, உள்ளே இன்னும் ஈரமாக. அது ஆத்தாவின் பங்கு. கட்டியதை அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்தால் அந்த இடத்தைச் சும்மா விடக் கூடாது. பானோனாவிடம் கொடுக்க எதுவும் இல்லை, இடுப்பில் இருந்ததைத் தவிர. வெங்காயத்தாளும் குதிரையும் புளித்த கள்ளும் ஊறிய அந்த முன்துணியை அவிழ்த்தாள். முள் கையைக் கிழித்தது. கொடியை எடுத்துக்கொண்டு துணியை அந்தக் கிளையிலேயே கட்டினாள்.

"ஏய், அது ஆத்தாவுக்குக் கட்டினது!" என்று தோகியோ லாயத்து வாசலிலேயே கத்தினான்.

"தோலைச் சாம்பத் தண்ணியில அலசிட்டேன். ஒரு வாசனையும் இல்லை அதுல. தள்ளு."

"அலசினியா? ஏன்டி? உனக்குத் தெரியாதா?"

அவள் அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். லிதுகெனா அவளைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், மாடத்தைப் பார்த்தாள். தோகியோவுக்குப் புரிவதற்கு முன்னால் அவளுக்குப் புரிந்துவிட்டது. போர்வையை இறுக்கிக்கொண்டாள்.

பானோனா மண்டியிட்டுக் கொடியின் ஈரத்தைத் தோலில் தேய்த்தாள். வாலடியில், முதுகில், குட்டியின் நெற்றியில். அவள் கை ரத்தமும் அதில் சேர்ந்தது. வெண்காலியிடம் போய், உதைக்கு ஒதுங்கி, சீம்பால் கொஞ்சம் கையில் கறந்து வந்து அதையும் பூசினாள். விம்பா குட்டியை ஒரு பக்கம் தாங்கினாள், பானோனா மறுபக்கம். இரண்டு பேர் கையும் குட்டியின் வயிற்றுக்கு அடியில் பட்டுக்கொண்டன. விம்பா கையை எடுக்கவில்லை. பானோனாவைப் பார்க்கவும் இல்லை.

வெண்காலி கழுத்தை நீட்டியது. மோந்தது. நடுங்கியது. தொண்டைக்குள் இருந்து ஒரு சின்ன சத்தம். காலையிலிருந்து போட்ட கனைப்பு அல்ல, வேறு. நாக்கை நீட்டித் தோலை நக்க ஆரம்பித்தது. குட்டி தடவித் தடவி முலையைக் கண்டுபிடித்தது. முதல் உறிஞ்சலின் சத்தம் லாயம் முழுக்கக் கேட்டது.

"அப்பாடா," என்றான் சக்ரோ. மூக்கைச் சிந்திக்கொண்டான். "என் மூஞ்சியில துப்பின பயலா இது!"

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் விம்பாவைப் பார்த்தார்கள். இனி அவள் பேசலாம்.

"வா கண்ணு," என்றாள் லிதுகெனா. "ஆத்தாகிட்ட சொல்லிட்டு வா."

விம்பா கையைக் கழுவினாள். அம்மா நீட்டிய போர்வையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். மாடத்தின் முன்னால் போய் நின்றாள். வெள்ளைக் களிமண் ஆத்தாவும் அவளும் ரொம்ப நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் குட்டி சப்புக்கொட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. விம்பாவின் உதடு ஒருமுறை பிரிந்தது. மூடிக்கொண்டது. அவள் குனிந்து தன் துணிமூட்டையை எடுத்து, வாசலைத் தாண்டி வண்டியை நோக்கி நடந்தாள்.

"சொல்லலையே," என்றான் தோகியோ.

லிதுகெனா நகரவில்லை. பானோனாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லாத பிள்ளையை அழைத்துப் போக முடியாது. வளர்த்தவள் 'கூடாது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். காலையில் பானோனா கேட்டது இதைத்தான். இப்போது அது கேட்டதற்கு மேலாகவே கையில் வந்து நின்றது.

"கூட்டிட்டுப் போங்க," என்றாள் பானோனா.

"வார்த்தை பாக்கி இருக்கேக்கா."

"இருக்கட்டும். அவ எப்ப சொல்லணுமோ அப்ப சொல்லட்டும்." பிறகு, "தேன் அடை பிடிக்குமான்னு எனக்குத் தெரியாது. சும்மா சொன்னேன். நீங்களே குடுத்துப் பாருங்க," என்றாள்.

லிதுகெனா அவள் தோளைத் தொடுவதற்குக் கையைத் தூக்கினாள். தொடவில்லை. தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனாள்.

வண்டி நகர்ந்தது. விம்பா பின்பக்கம் கால் தொங்கப்போட்டு, பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தாள். பானோனா படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடுப்பில் கட்ட ஒன்றும் இல்லாததால் ஈரக் கையை எங்கே துடைப்பது என்று தெரியவில்லை. கோபத்தில் சொல்லாமல் போகிறாளா, முடித்துக்கொள்ள மனமில்லாமல் சொல்லாமல் போகிறாளா? கூப்பிட்டுக் கேட்கலாம். கூப்பிட அவளுக்கு என்ன முகம் இருக்கிறது?

முள்மரத்தடியில் பாதை குறுகும். வண்டி கிளையை உரசிக்கொண்டு போயிற்று. காற்றில் முன்துணி அசைந்து விம்பாவின் முகத்தில் மோதியது. அவள் கையைத் தூக்கி அதைப் பிடித்தாள். முகத்தில் பட்டதைத் தள்ளிவிட்டாளா, மோந்து பார்த்தாளா, படலிலிருந்து தெரியவில்லை. துணி அவள் கையை விட்டு நழுவியது. வண்டி ஆற்றுப் பக்கம் திரும்பியது. அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.